பதினெட்டுப் பேர் பட்டியல்

வேலூர் ஒன்று, திருச்சி நான்கு.
நேற்று ஸ்கோர் பலகையைக் கழற்றும் வரை
காலரியில் உட்கார்ந்திருந்தேன்.
அந்த நான்கு கோலும் எனக்குத் தெரிந்தவை.
நான்தான் பெயர் அடித்து அனுப்பிவைத்தேன்.

தேர்வுக் குழுவில் நான் கடைசி ஆள்.
கையெழுத்து நன்றாக இருப்பதால்
நோட்டும் பேனாவும் என் பொறுப்பு.
எழுது என்றால் எழுதுவேன்,
அடி என்றால் அடிப்பேன்,
ஸ்கேல் வைத்து, பிசிறில்லாமல்.

முதல் கோல் தேசிங்கு.
மூன்று வருடம் முன்பு, காட்பாடி மைதானம்,
அக்னி நட்சத்திரத்தின் இரண்டாம் நாள்.
ஆறரைக்கு வரச் சொல்லியிருந்தோம்,
ஏழேகாலுக்கு வந்து நின்றான்.
"முகுந்தராயபுரத்துல பாசஞ்சரை ஓரங்கட்டி
எக்ஸ்பிரஸை விட்டாங்க சார்."
"ஒழுக்கம்தான் முதல் தகுதி" என்றார் தலைவர்.
அவர் வந்தபோது மணி எட்டு.
நேற்று தேசிங்கு தாமதிக்கவில்லை.
விசில் ஊதி நாற்பதாவது நொடியில்
எங்கள் வட்டத்துக்குள் இருந்தான்.

இரண்டாவது, மேல்விஷாரம் நயீம்.
அப்போது ஐந்தடி ஒன்று.
"ஸ்டிக் இவனைத் தூக்கிட்டு வருதா,
இவன் ஸ்டிக்கைத் தூக்கிட்டு வர்றானா?"
பஜ்ஜித் தட்டைச் சுற்றி எல்லோரும் சிரித்தோம்.
சிரித்ததில் என் ஸ்கேல் வழுக்கி
அந்த ஒரு கோடு மட்டும் கோணல்.
பதினாலு வயதில் எலும்பு இன்னும் வளரும் என்று
குழுவில் ஒருவருக்கும் தோன்றவில்லை.
ஒருவர் எலும்பு டாக்டர்.

மூன்றும் நான்கும் ஒரே பையன்.
பேரணாம்பட்டு யேசுரத்தினம்.
இவனை நாங்கள் தவறவிட்டோம் என்று
சொல்ல முடியாது.
எடுத்தோம். பதினெட்டாவது பெயர்.
சனிக்கிழமை எழுதினேன்.
திங்கட்கிழமை தலைவருக்கு ஒரு போன் வந்தது.
ஜெர்சிக்குப் பணம் தரும் ஷூ கம்பெனி,
முதலாளியின் தங்கை மகன்.
காரணம் என்ற கட்டம் காலியாக இருக்கக் கூடாதே.
"காயம்" என்று போட்டேன்.
புதன்கிழமை இரண்டு பஸ் மாறி
என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டான்.
கையைத் திருப்பிக் காட்டினான், காலைத் திருப்பிக் காட்டினான்.
"எங்க சார் காயம்?"

அந்த முதலாளி வீட்டுப் பையனைக் குறை சொல்ல ஏதுமில்லை.
நேற்று பெஞ்சில் அமர்ந்து
தண்ணீர் பாட்டில்களை எண்ணிக்கொண்டிருந்தான்.
உனக்கு ஹாக்கி பிடிக்குமா என்று
அவனையும் யாரும் கேட்டதில்லை.

திருச்சி விடுதிக்காரர் அந்த வருடமே வந்தார்.
குள்ளமான மனிதர், துவைத்துத் துவைத்து வெளுத்த தொப்பி.
"உங்க நோட்டைக் கொஞ்சம் காட்டுங்க.
எடுத்த பேரு வேணாம். அடிச்சது மட்டும் போதும்."
வேடிக்கையாகப் பேசுகிறார் என்று நினைத்து
டீ சொல்லிவிட்டு நீட்டினேன்.
நேர்க்கோடாய் அடித்திருந்ததால்
கீழே பெயர்கள் சுத்தமாகத் தெரிந்தன.
நயீம் பெயரை மட்டும்
கோட்டுக்கு மேலும் கீழுமாகப் பார்த்துப்
படித்துக்கொண்டார்.

ஆட்டம் முடிந்து கைகுலுக்கும் வரிசை.
தேசிங்குக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.
நயீம் குனிந்து கை கொடுத்தான்.
யேசுரத்தினம் கொஞ்சம் நின்றான்.
எங்கள் சரளைத் தரையில் விழுந்து
முட்டி கிழிந்து
காலுறை வரை ரத்தம் இறங்கியிருந்தது.
அதைக் காட்டிச் சிரித்தபடி சொன்னான்:
"இப்ப எழுதிக்கங்க சார்."

வரும் ஞாயிறு மறுபடியும் தேர்வு.
தலைவர் போன் செய்தார்,
புது நோட்டு வாங்கச் சொன்னார்.
வாங்கிவிட்டேன். கோடு போட்டு
ஒன்று முதல் பதினெட்டு வரை எண்ணும் போட்டுவிட்டேன்.
பாசஞ்சர் வண்டி இப்போது எத்தனை மணிக்கு என்று
ஸ்டேஷனில் விசாரித்தும் வந்தேன்.
ஸ்கேலை வீட்டிலேயே மறந்துவிட்டதாகச் சொன்னால்
தலைவர் நம்புவாரா என்றுதான்
இரவெல்லாம் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.